குழாயின் நோய் அறிதல்

வீட்டுக் குழாய் சொட்டுவதைப் பலரும் சிறு தொல்லையாகவே எண்ணுகின்றனர். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி லிட்டராகும். எனவே, வினாடிக்கு ஒரு சொட்டாக ஒழுகும் குழாய் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேலும், ஓராண்டில் 1,500 லிட்டருக்கு மேலும் நீரை வீணாக்குகிறது.

இவ்விழப்பின் பொருளை நல்லேப்பிள்ளி போன்ற ஊர்களில் நன்கு உணரலாம். பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பகுதியில் அமைந்தது இவ்வூர். தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் மண். கேரளம் என்றவுடன் ஓயாத மழை நினைவுக்கு வருமேனும், மாவட்டத்தின் இக்கீழ்ப்பகுதியில் மழை குறைவு. சித்தூர்ப் புழைக்கு ஆழியாற்று நீர் வருவதும் 1970இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படியேதான். 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படும் வட்டாரமாகச் சித்தூர் குறிக்கப்பட்டது. அங்கே மோட்டாரால் இறைத்த நீர் ஒழுகிப் போவது, நீரோடு மின்சாரத்தையும் இழப்பதாகும்.

தேர்ந்த குழாய்த் தொழிலாளி வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்பேனரைக் கையில் எடுப்பதில்லை. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல முதலில் கேட்கிறார், பிறகே பார்க்கிறார். ஒரு குழாயில் மட்டும் நீர் மெலிந்து வந்தால் குற்றம் அக்குழாயில்தான். அதன் வாயிலுள்ள வலையில் மணலோ சுண்ணாம்புப் படிவோ அடைத்திருக்கும். வலையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் படிவு கரையும். எல்லாக் குழாய்களிலும் நீர் மெலிந்தால் மேல்நிலைத் தொட்டியையும் அதன் வால்வையும் நோக்க வேண்டும். தொட்டி வற்றி மீண்டும் நிரம்பிய பின் நீர் வராவிடில், வளைவில் காற்று சிக்கியிருத்தல் கூடும்.

மறைந்த ஒழுக்கைக் காண எளிய வழி உண்டு. இரவில் மோட்டாரையும் எல்லாக் குழாய்களையும் நிறுத்தித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிவால்வை மூடியிருக்கும்போதும் மட்டம் இறங்கினால் தொட்டியில் பழுது. மூடினால் நின்று, திறந்தால் இறங்குமாயின் குழாய்வழியில் பழுது. கழிப்பறைத் தொட்டியில் சிறிது வண்ணம் கலந்து காத்திருங்கள். நீரைத் திறந்துவிடாமலே பீங்கானில் வண்ணம் தோன்றினால் அடிமூடி தேய்ந்துவிட்டது.

சொட்டும் திருகு குழாய்க்குப் பெரும்பாலும் புதிய வாஷரே மருந்து. வாஷர் மாற்றியும் சொட்டினால், அது அமரும் இருக்கை அரிக்கப்பட்டிருக்கும். மேலும் இறுக்கித் திருகுவது வாஷரை நசுக்குமேயன்றி ஒழுக்கை நிறுத்தாது.

பழுது நலத்தையும் கெடுக்கும். 1933இல் சிக்காகோ நகரில் இரண்டு விடுதிகளின் குழாய் அமைப்பிலிருந்த குறைகளால் குடிநீரில் கழிவுநீர் கலந்தது. சீதபேதி பரவி 98 பேர் மாண்டனர். குழாயில் அழுத்தம் குறையும் வேளையில், விரிசல் வழியே வெளியிலுள்ள அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும் என்பதை நாம் மறத்தலாகாது. சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயில் ஒழுக்கு இருப்பின் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மும்பையிலோ தில்லியிலோ வாடகை வீட்டில் குடியேறும் நம்மவர் முதல் நாளே அறிய வேண்டியது, தலைமை வால்வு இருக்குமிடம். வாஷரையும் வலையையும் நாமே மாற்றலாம். சுவருக்குள் ஓடும் குழாயையும் கழிவுநீர் இணைப்பையும் தொழிலறிந்தவரிடம் விடுவதே முறை. அவரிடம் மொழி தடையாயினும், எந்தக் குழாய், எப்போது முதல், எந்த வேளையில் என்ற மூன்றையும் தெளிவாகச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.