உப்பைத் துறக்கும் பனி

1773ஆம் வருஷம் ஜனவரி மாதத் தொடக்கத்தில், தென் துருவத் திசையில் 'ரெசொல்யூஷன்' என்னும் கப்பலைச் செலுத்திக்கொண்டிருந்த காப்டன் ஜேம்ஸ் குக், மூன்று படகுகளை நீரில் இறக்கி, கப்பலைச் சுற்றி மிதந்துகொண்டிருந்த பனிக்கட்டித் துண்டுகளை வாரிக்கொண்டு வரும்படி தம் மாலுமிகளுக்கு உத்தரவிட்டார். ஐந்தாறு மணி நேரத்தில் அவர்கள் திரட்டிக் கொணர்ந்த பனிக்கட்டியிலிருந்து சுமார் 15 டன் நல்ல குடிநீர் கிடைத்தது. கட்டியின் மேல் ஒட்டியிருந்த கடல்நீர், சிறிது நேரம் தளத்தில் போட்டு வைத்ததும் தானே வடிந்து போய்விட்டது. உருக்கிய நீரில் உப்பின் ருசி நாவுக்குத் தட்டுப்படவே இல்லை. உருக்குவதற்குப் பொழுது செல்கிறது என்னும் ஒரு குறையைத் தவிர்த்தால், கப்பலுக்குத் தண்ணீர் பிடிப்பதற்குத் தாம் கண்ட முறைகளில் இதைப்போல விரைவானது வேறில்லை என்று குக் தம் குறிப்பேட்டில் எழுதினார்.

இந்தச் சம்பவத்தின் அருமையை உணர வேண்டுமானால், பாய்மரக் கப்பல்களின் காலத்தில் குடிநீர் எத்தகைய கவலையாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் மரப்பீப்பாய்களில் நிரப்பிய தண்ணீர், சில வாரங்களுக்குள் பாசி பிடித்து, நாற்றமெடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும். அதுவும் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்தே கொடுக்கப்படும். குக் நன்னம்பிக்கை முனையை விட்டுப் புறப்பட்டு ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் மனித வாசமில்லாத அந்தச் சமுத்திரத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டால் திரும்புவதைத் தவிர வழியில்லை. ஆபத்தென்று அஞ்சி விலகி விலகிச் சென்ற பனிக்கட்டியே தண்ணீர் கொடுத்ததனால்தான், அதே மாதம் 17ஆம் தேதி, சரித்திரம் அறிந்தவரையில் முதன்முதலாகத் தென் துருவ வட்டத்தைத் தாண்டிய பெருமை அவருடைய கப்பல்களுக்குக் கிட்டியது என்று சொல்வதில் தவறில்லை என்றே நான் கருதுகிறேன்.

உப்புக் கடலில் மிதக்கும் கட்டி எப்படி உப்பில்லாமல் இருக்கிறது? அக்காலத்துப் பண்டிதர் பலர், கடல்நீர் உறையவே உறையாது என்றும், துருவக் கடல்களில் காணும் பனியெல்லாம் ஆறுகளிலிருந்தும் கரைகளிலிருந்தும் வந்ததே என்றும் நம்பினார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மலைபோல் மிதக்கும் பனிப்பாறைகள் நிலத்தில் பிறந்தவை. ஆண்டாண்டு காலமாகப் பெய்த பனி தன் பாரத்தாலேயே அழுந்தி இறுகிப் பனியாறாகி, மெல்ல நகர்ந்து கடலோரத்தை அடைந்து, அங்கே உடைந்து நீரில் விழுபவை. வானத்திலிருந்து வந்த ஜலமாதலால் அவற்றில் உப்புக்கு இடமில்லை. ஆனால் துருவ சமுத்திரத்தின் மேல் பல லட்சம் சதுர மைல் பரப்புக்குப் பாய் விரித்தாற்போல் கிடக்கிறதே, அந்தப் பனி நிலத்திலிருந்து வந்ததன்று. கடலே உறைந்து ஆனது. அதுவும் உப்பைத் துறக்கிறது என்பதுதான் வியப்பு.

இதன் காரணத்தைத் தேடித் துருவத்திற்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர் ஐஸ் பாளத்தைப் பார்த்தாலே போதும். மீன் மார்க்கெட்டுக்கு வண்டியில் வந்து இறங்கும் பாளத்தின் ஓரங்கள் கண்ணாடிபோல் தெளிவாகவும், நடுத்தண்டு மட்டும் சுண்ணாம்பு கலந்தாற்போல் வெண்மையாகவும் இருப்பதை யாவரும் கண்டிருப்பார்கள். நீர் உறையும்போது அதன் அணுத்திரள்கள் ஓர் ஒழுங்கில் கைகோத்து நிற்கின்றன. அந்த அணிவகுப்பில் அந்நியப் பொருளுக்கு இடமில்லை. ஆகவே வெளிப்புறத்திலிருந்து உறைந்துகொண்டு வரும் கட்டி, நீரில் கலந்திருந்த காற்றையும் உப்புகளையும் உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டு போய், கடைசியில் உறையும் நடுப்பகுதியில் ஒதுக்கிவிடுகிறது. பாகிலிருந்து கற்கண்டு விளையும்போது அழுக்கு பாகிலேயே தங்கிவிட, கட்டி மட்டும் பளபளப்பாகத் திரள்வதும் இந்த நியாயத்தால்தான். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடக்கூடாது: உறைதல் உப்பை ஒதுக்குமே தவிர, நோய்க் கிருமிகளைக் கொன்றுவிடாது. அசுத்தமான நீரில் செய்த ஐஸ் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் அசுத்தமானதே. குளிர்ந்திருப்பதனால் அது சுத்தமாகிவிட்டது என்று நம்பிக் குழந்தைகளுக்குக் கொடுப்பது பெரும் பிழை.

கடலுக்கு வருவோம். ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதனால் அது பூஜ்ய டிகிரியில் உறையாமல், பூஜ்யத்துக்குக் கீழே 1.8 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்த பின்பே உறையத் தொடங்குகிறது. முதலில் நீரின் மேல் ஊசி ஊசியாகப் படிகங்கள் தோன்றி, எண்ணெய் படிந்தாற்போல் கடல் மங்குகிறது. பிறகு அலையில் ஒன்றோடொன்று மோதி விளிம்பு மடிந்த வட்ட வட்டமான தட்டுகளாகி, அவை ஒட்டிக்கொண்டு ஒரே பலகையாகின்றன. இவ்வளவு அவசரமாக உறையும்போது உப்பு முழுவதும் தப்பிச் செல்ல அவகாசமில்லை. மிகக் கடுமையான உப்புநீர், சின்னஞ்சிறு அறைகளில் அடைபட்டுக் கட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே புதுப்பனியை உருக்கிக் குடித்தால் கரிக்கும். ஆனால் நாள் செல்லச் செல்ல அந்த உப்புநீர் நுண்ணிய துளைகளின் வழியாகக் கீழே கசிந்து கடலுக்கே திரும்புகிறது. கோடை வந்ததும் மேற்பரப்பில் உருகும் நன்னீர் உள்ளே இறங்கி, எஞ்சிய உப்பையும் அலசிக்கொண்டு போகிறது. ஒரு கோடையை, இரண்டு கோடைகளைக் கண்ட பழம்பனியின் மேட்டுப்பகுதியில் உப்பு அநேகமாக இருப்பதில்லை. விளிம்பு மழுங்கி, நீலம் பாய்ந்து நிற்கும் கட்டியே குடிநீருக்கு உகந்தது என்பதை ஆர்க்டிக் பிரதேசத்து இனுயிட் மக்கள் எந்த இரசாயன சாஸ்திரமும் படிக்காமலே தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள்.

பனி துறந்த உப்பு எங்கே போகிறது? கனத்த குளிர்ந்த உப்புநீராகி அடியாழத்துக்கு இறங்குகிறது. சமுத்திரத்தின் அடியில் கண்டம் விட்டுக் கண்டம் மெல்லச் செல்லும் பெரும் நீரோட்டங்களுக்கு ஊக்கம் தரும் சக்திகளில் இதுவும் ஒன்று.

தண்ணீர் எங்கும் குவிந்து கிடக்கும் துருவப் பிரதேசத்தில் தாகத்தால் வாடுவதும் சாத்தியமே என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். பூஜ்ய டிகிரியிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை அதே பூஜ்ய டிகிரி நீராக மாற்றுவதற்கு மட்டுமே 80 கலோரி உஷ்ணம் வேண்டும். அதே உஷ்ணத்தைக் கொண்டு ஒரு கிராம் பச்சைத் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரையில் கொதிநிலைக்கு அருகே கொண்டுபோய்விடலாம். பனியை வாயிலிட்டுத் தின்பவன் அந்த உஷ்ணத்தைத் தன் உடம்பிலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. 1888இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்த நார்வே தேசத்து ஃப்ரிட்யோஃப் நான்சென்னும் அவருடைய தோழர்களும், அடுப்புக்கு எரிபொருள் குறைவாயிருந்ததால், தட்டையான குப்பிகளில் பனியை அடைத்து மார்போடு அணைத்து உடைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அவர்களுடைய உடற்சூட்டில் உருகும் சில மடக்கு நீரே பகல் முழுவதற்கும் போதுமாக வேண்டியிருந்தது.

இந்த நான்சென்தான் ஐந்து வருஷங்களுக்குப் பின் துருவக் கப்பல் பிரயாணத்தின் போக்கையே மாற்றியவர். அதுவரையில் வட கடலுக்குச் சென்ற கப்பல்கள் பனியை எதிர்த்துப் போரிட்டன; பனியே வென்றது. அமெரிக்கரின் 'ஜீனெட்' கப்பல் 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே நசுங்கி மூழ்கியது. அதன் சாமான்கள் சில, மூன்று வருஷங்களுக்குப் பின் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையருகே பனிக்கட்டியின் மேல் கிடந்தன. மற்றவர்கள் அதில் ஒரு துக்கச் செய்தியைக் கண்டார்கள். நான்சென் ஒரு பாதையைக் கண்டார். சைபீரியாவிலிருந்து துருவத்தின் பக்கமாகக் கிரீன்லாந்துக்குப் பனி நகர்ந்து செல்கிறது. நசுங்காத கப்பலொன்றை அந்தப் பனியில் உறைய விட்டுவிட்டால் பனியே அதைச் சுமந்து செல்லும் என்பது அவருடைய அபிப்பிராயம். அனுபவசாலிகள் பலர் இதைத் தற்கொலை என்று கண்டித்தபோதிலும் அவர் பின்வாங்கவில்லை.

காலின் ஆர்ச்சர் என்னும் நிபுணர் அவருக்காகக் கட்டி, 1892 அக்டோபரில் நீரில் இறக்கிய கப்பலுக்கு 'ஃப்ராம்', அதாவது 'முன்னே' என்று பெயர். 39 மீட்டர் நீளத்துக்கு 11 மீட்டர் அகலம். பார்வைக்குக் குட்டையாகவும் பருத்ததாகவும் இருக்கும் உருவம். பக்கச்சுவர்கள் 70, 80 சென்டிமீட்டர் கனமுள்ள மரம். அடிப்பாகத்தை உருண்டையாக அமைத்திருந்ததனால், பனி இரு பக்கமும் நெருக்கும்போது கப்பல் நசுங்காமல், விரல்களுக்கிடையில் அழுத்திய வழுக்கலான விதைபோல் மேலே எழும்பிவிடும். சுக்கானையும் சுழல்விசிறியையும் பனிக்கு அகப்படாமல் மேலே தூக்கிக்கொள்ளலாம். 1893 ஜூனில் 13 பேருடன் புறப்பட்ட ஃப்ராம், செப்டம்பரில் சைபீரியத் தீவுகளுக்கு வடக்கே பனியில் சிறைப்பட்டது. குளிர்கால இருளில் பனிப்பலகைகள் இடிபோல் முழங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கப்பலை நெருக்கின. கப்பல் மெல்ல எழும்பி மேலே உட்கார்ந்தது. தளத்தில் சுழன்ற காற்றாலை ஒன்று மின்சார விளக்குகளை எரியச் செய்தது. சமையற்காரருக்காக உப்பில்லாத பனியை வெட்டிக் கொண்டுவருவது அங்கே அன்றாட வேலைகளில் ஒன்றாயிருந்தது. அத்தனை காலமும் ஒருவரைக்கூட ஸ்கர்வி நோய் தொடவில்லை.

மூன்று வருஷங்கள் பனியின் வசத்திலேயே மிதந்து, ஏறக்குறைய 86 டிகிரி வட அட்சரேகை வரையில் சென்று, 1896 ஆகஸ்டு 13ஆம் தேதி ஃப்ராம் திறந்த கடலுக்கு வந்தது. நான்சென் இடையிலேயே ஒரு தோழருடன் இறங்கித் துருவத்தை நோக்கி நடந்தார். துருவத்தை அடையாவிட்டாலும் 86 டிகிரி 14 கலை வரையில் சென்று, அதுவரை எவரும் எட்டாத இடத்தை எட்டினார். ஆனால் அந்த நடையைக் காட்டிலும், வடதுருவத்தில் நிலமில்லை, மூவாயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழமுள்ள சமுத்திரமே இருக்கிறது என்பதற்குக் கப்பலிலிருந்து நூலிறக்கி அளந்து கண்ட சான்றுகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். பனி காற்று வீசும் திசையில் நேராகச் செல்லாமல் வலப்புறம் ஒதுங்கிச் செல்கிறது என்று அவர் கவனித்துக் குறித்ததிலிருந்தே, பூமியின் சுழற்சி நீரோட்டங்களை எப்படித் திருப்புகிறது என்னும் கணிதத்தை எக்மான் என்னும் ஸ்வீடன் விஞ்ஞானி வகுத்தார்.

ஃப்ராம் இன்று ஆஸ்லோ நகரத்துக் காட்சிசாலை ஒன்றில் முழு உருவத்தோடு நிற்கிறது. அதன் வழியைப் பின்பற்றி, ஜெர்மானியரின் 'போலார்ஸ்டெர்ன்' என்னும் ஆராய்ச்சிக் கப்பல் 2019ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் வட கடலின் பனிப்பலகை ஒன்றோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஓராண்டு பனிப்பிரதேசத்தில் சஞ்சரித்தது. தாங்குவதற்கேற்ற கனமுள்ள பலகையைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவர்களுக்கு முதற் சிரமமாயிருந்தது. வருஷக்கணக்கில் கோடைகளைத் தாங்கி நின்று, உப்பை முற்றிலும் துறந்து, இனுயிட் வேடனுக்கும் துருவ மாலுமிக்கும் குடிநீர் தந்த பழம்பனி அருகி வருகிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட பனி, 1980களின் நடுவில் குளிர்கால முடிவில் ஆர்க்டிக் பனிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. இப்போது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை.