பாய்லர் சான்றிதழ் எந்தத் தேதியில் முடிகிறது?
விதிமீறலை விபத்தாக வளரவிடாமல் ஒரு நிறுவனம் எப்படிக் கண்காணிப்பது?

செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடையே, தேசூரை ஒட்டி இருக்கிறது சீயமங்கலம். மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் இங்கே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. இப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்வது இது. வீடு கட்டுபவர் நாடாவைப் பிடித்து அளந்தால் எல்லை தெரிந்துவிடும்.

ஒரு நிறுவனத்துக்குள் இருக்கும் விதிகளை அப்படி அளக்க முடிவதில்லை. அவை பீரோவில் இருக்கும் கோப்பிலும் கணக்கரின் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. அவர் வேலையை விட்டுப் போனால், தேதிகளும் அவரோடு போய்விடுகின்றன.

எத்தனை விதிகள்?

ஆரணி, செஞ்சிப் பக்கத்து நெல் அவிக்கும் அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாய்லர் சான்றிதழ் அதிகபட்சம் 12 மாதம்தான் செல்லும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். தொழிலாளர்களின் வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ. தொகையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவருக்கு 20-ஆம் தேதி கெடு. உணவுப் பாதுகாப்பு உரிமமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு கெடு, ஒரு படிவம். வேண்டுமென்றே மீறுகிறவர்கள் உண்டு. ஆனால் 'அதை அவர் பார்த்துக்கொள்வார்' என்று ஆளுக்கு ஆள் நினைத்ததால் நேர்ந்த மீறல்களும் ஏராளம்.

எப்படிக் கண்காணிப்பது?

மென்பொருள் வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கினால் போதும். விதி என்ன, எந்தத் துறை, கடைசி நாள் எது, பொறுப்பு யாருடையது, செய்து முடித்ததற்குச் சான்று எங்கே இருக்கிறது என்று ஐந்து பத்திகள் போட வேண்டும். பொறுப்பு என்ற பத்தியில் 'அலுவலகம்' என்று எழுதினால் யாருமே செய்ய மாட்டார்கள். ஒருவர் பெயரும், அவர் விடுப்பில் போனால் பார்க்க வேண்டிய இன்னொருவர் பெயரும் அங்கே இருக்க வேண்டும். கெடுவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே நினைவூட்டல் வர வேண்டும்.

இன்னொரு நோட்டில் தவறுகளை எழுத வேண்டும். மூன்று நாள் தாமதமாகக் கட்டிய தொகை, முத்திரை காலாவதியான தராசில் போட்ட எடை, சரியாக மூடாத சேஃப்டி வால்வு எல்லாம் அதில் ஏற வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன மாற்றினோம் என்று மூன்று வரி போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் புரட்டினால், ஒரே தவறு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடுகிற நிறுவனம் அடுத்த அபராதத்துக்குக் காத்திருக்கிறது.

அபராதத்தோடு முடியுமா?

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று ஆறாவது அலகின் கொதிகலன் பகுதியில் விபத்து நடந்தது. 5 பேர் இறந்தார்கள். 55 நாள் கழித்து, ஜூலை 1 அன்று, அதே நிலையத்தின் ஐந்தாவது அலகில் மறுபடியும் விபத்து. அன்றே 6 உயிர்கள் போயின. காயமடைந்தவர்களில் பலர் பிறகு மருத்துவமனையில் இறந்தார்கள். முதல் விபத்தில் கற்றது பக்கத்து அலகுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொரு நிறுவனமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பாய்லரில் பிழை தெரிந்தால், அதே மாதிரியான எல்லா பாய்லர்களையும் அன்றே பார்ப்பதுதான் கண்காணிப்பு.

விதிகளைக் கண்காணிப்பது நமக்குப் புதிதா?

வந்தவாசியைத் தாண்டி வடகிழக்கே போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-இல் வெட்டிய கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவருடைய உறவினர் பெயரையும் குடவோலையில் இடக் கூடாது என்பது விதி. இரண்டே ஆண்டில், 921-இல், அந்த ஏற்பாட்டைத் திருத்தி மீண்டும் கல்லில் வெட்டினார்கள். விதி போட்டதும் வேலை முடிந்தது என்று அந்த ஊர்ச் சபை நினைக்கவில்லை. நடைமுறையில் எங்கே ஓட்டை விழுகிறது என்று பார்த்து அடைத்தது.

மீறலை எப்படிக் குறைப்பது?

தவறைச் சொன்னவரைத் திட்டினால் அடுத்த தவறு காதுக்கு வராது. 'வால்வு சரியில்லை முதலாளி' என்று உமி தள்ளுகிறவர் சொன்னால், அன்றைக்கு ஆலையை நிறுத்துகிற மனது முதலாளிக்கு வேண்டும். ஓர் ஈடு நெல் தாமதமாகும் நஷ்டம் பெரிதில்லை. ஆய்வாளர் வருகிற நாளில் மட்டும் சுத்தமாக இருக்கும் ஆலை, மற்ற நாட்களில் தொழிலாளியின் உயிரை வைத்து ஓடுகிறது.

உரிமங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முதலாளியின் அறையில் மாட்டுவது வழக்கம். பாய்லர் சான்றிதழ் முடியும் தேதியை மட்டும், அடுப்பு வாசலுக்கு எதிர்ச் சுவரில், பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்கலாம். அந்த நெருப்புக்கு முன்னால் தினமும் நிற்பவர் அதைப் படிக்கட்டும். தேதி கடந்தால் முதலில் கேட்கிற உரிமை அவருக்குத்தான்.