1,500 மாணவர்கள் கையால் கொடுத்த மூச்சு! ஐசியு பிறந்த கதை தெரியுமா?

ஐசியு என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? விடாமல் கூவும் மானிட்டர், தலைமாட்டில் வென்டிலேட்டர், கழுத்திலும் கையிலும் குழாய்கள், வாசலில் செருப்புக் குவியல், கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கும் சொந்தக்காரர்கள். ஆனால் இந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே, மெஷின்கள் போதாத ஒரு ஆஸ்பத்திரியில், வெறும் கைகளை நம்பிப் பிறந்தது என்பது தெரியுமா?

1952 ஆகஸ்ட். டென்மார்க்கின் தலைநகரம் கோபன்ஹேகன். ஊரெல்லாம் போலியோ! ப்ளெக்டாம் தொற்றுநோய் மருத்துவமனைக்கு ஒரே நாளில் 50 பேர் வரை வந்துகொண்டிருந்தார்கள். போலியோ என்றால் கால் சூம்பிப்போகும் என்றுதான் நாம் அறிவோம். அது நெஞ்சுத் தசையையும் தொண்டைத் தசையையும் பிடித்துவிட்டால் மூச்சே விட முடியாது; சொந்த எச்சிலை விழுங்க முடியாமல் அதிலேயே மூழ்க வேண்டியதுதான். மூச்சு கொடுக்க அங்கே இருந்தவை, ஆளை உள்ளே படுக்கவைத்துக் கழுத்துவரை மூடும் இரும்பு நுரையீரல் ஒன்று, நெஞ்சில் மாட்டும் கருவிகள் ஆறு. அவ்வளவே! முதல் மூன்று வாரத்தில் மூச்சு முடங்கிய 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

தலைமை மருத்துவர் ஹென்றி லாசன் வேறு வழியில்லாமல் ஒரு மயக்க மருத்துவரை அழைத்தார். அன்றைக்கு மயக்க மருத்துவருக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வேலையே கிடையாது! வந்தவர் பெயர் பியோர்ன் இப்சன். தியேட்டரில் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, நோயாளியின் மூச்சை நிறுத்தி, ரப்பர் பையை அழுத்தி அழுத்தி அவரே மூச்சு கொடுத்துப் பழகியவர். தியேட்டரில் இரண்டு மணி நேரம் செய்வதை வார்டில் இரண்டு மாதம் ஏன் செய்யக் கூடாது? இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

ஆகஸ்ட் 27. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. கை கால் நான்கும் செயலிழந்து, நீலம் பாரித்து, திணறிக்கொண்டிருந்தாள். தொண்டையில் துளையிட்டு, காற்று கசியாத குழாயைப் பொருத்தினார்கள். பையை அழுத்தினால் காற்று உள்ளே போகவில்லை! மூச்சுக்குழல் இறுகிவிட்டது. சுற்றி நின்ற டாக்டர்கள் இனி பார்க்க ஒன்றுமில்லை என்று நகர ஆரம்பித்தார்கள். இப்சன் அப்போது செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. திணறிக்கொண்டிருந்த அந்தக் குழந்தைக்கு மயக்க மருந்து போட்டு, மிச்சமிருந்த மூச்சையும் நிறுத்தினார். அவள் போராட்டம் அடங்கியது; நெஞ்சு தளர்ந்தது; பை அழுத்திய காற்று சுலபமாக உள்ளே இறங்கியது. நீலம் மறைந்து சிவப்பு திரும்பியது! அந்தச் சிறுமி அதன்பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்தாள்.

இதற்குள்ளேயே இன்னொரு மர்மமும் உடைந்தது. இந்த நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் ஏகமாக ஏறியிருந்தது. காரம் கூடிவிட்டது, காரணம் புரியவில்லை என்று எல்லோரும் குழம்பியிருந்தார்கள். இப்சன், அது காரமே அல்ல என்றார். வெளியேற வழியில்லாத கார்பன் டை ஆக்சைடு தேங்கி ரத்தத்தை அமிலமாக்குகிறது. அதைத் தாக்குப்பிடிக்க உடம்பு சேர்த்துவைத்ததுதான் அந்த பைகார்பனேட் என்றார். ஆய்வகத் தலைவர் போல் ஆஸ்ட்ரப் ரத்தத்தின் அமிலத்தன்மையை நேராக அளந்து பார்த்தார். இப்சன் சொன்னதே சரி! இன்று ஐசியுவில் மணிக்கட்டு நாடியில் ஊசி குத்தி எடுக்கிறார்களே ஏபிஜி, அந்த ரத்த வாயுப் பரிசோதனை இன்றைய வடிவத்துக்கு வளர்ந்தது ஆஸ்ட்ரப்பின் அந்த ஆய்வகத் தவிப்பிலிருந்துதான்.

வழி தெரிந்துவிட்டது. பையை அழுத்த ஆள்? ராத்திரி பகலாக, ஒரு நோயாளிக்கு ஒரு ஆள், வாரக்கணக்கில்! கோபன்ஹேகனின் மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களும் வந்தார்கள். ஷிப்ட் போட்டு வந்தார்கள். மொத்தம் சுமார் 1,500 பேர்! ஒரே நேரத்தில் 70 நோயாளிகளுக்குக் கையால் மூச்சு ஓடியது. நாளொன்றுக்கு 250 வாயு சிலிண்டர் காலியானது. அந்த மாணவர்கள் அழுத்திய நேரம் மொத்தம் 1,65,000 மணி. ஒரே ஆள் தூங்காமல் சாப்பிடாமல் அழுத்தியிருந்தால் கிட்டத்தட்ட 19 ஆண்டு ஆகியிருக்கும்!

எவ்வளவு வேகம், எவ்வளவு அழுத்தம் என்று காட்ட அவர்களிடம் திரை எதுவும் இல்லை. குழந்தையின் முகம்தான் திரை. கண்ணைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, வியர்க்கிறதா என்று பார்த்து அழுத்தினார்கள். ஒரு கை பையில் இருக்க, கதை வாசித்துக் காட்டினார்கள். இருபது வயதுகூட ஆகாத பிள்ளைகளும் அதில் இருந்திருப்பார்கள். தங்கள் கையில் இருந்த குழந்தை அதே கையில் இறந்துபோவதையும் சிலர் பார்த்தார்கள். மறுநாளும் வந்தார்கள். 87 விழுக்காடாக இருந்த இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது!

மறு ஆண்டு டிசம்பரில், அதே ஊரின் நகராட்சி மருத்துவமனையில் இப்சன் ஒரு தனி வார்டைத் திறந்தார். என்ன நோய் என்பது முக்கியமில்லை, உயிர் ஊசலாடுகிறதா, உள்ளே வா; பக்கத்திலேயே ஆள் இருப்பார்கள். உலகின் முதல் ஐசியு என்று பலரும் சொல்வது அதைத்தான்.

சரி, நம்மூர் 108 ஆம்புலன்ஸில்கூட இருக்கும் ஆம்பு பையின் பூர்வீகமும் கோபன்ஹேகன்தான் என்பது தெரியுமா? மாணவர்கள் அழுத்திய ரப்பர் பைக்கு சிலிண்டர் வாயு வேண்டும். வாயு வராவிட்டால் பை சுருங்கிப்போகும். ஹென்னிங் ரூபன் என்ற மயக்க மருத்துவர், தானாகவே விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும் பையை யோசித்தார். முதல் மாதிரியைச் செய்ய அவர் பயன்படுத்தியது சைக்கிள் ஸ்போக் கம்பிகளை! ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியாளரின் கம்பெனி 1956இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கரண்ட் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், கை இருந்தால் போதும்.

இதை நான் தூரத்துச் செய்தியாக எழுதவில்லை. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த என் சித்தப்பாவைக் கட்டுவிரியன் கடித்தது. அது கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்றார், கொஞ்ச நேரத்தில் கண் இமை தூக்க முடியவில்லை, பிறகு பேச்சு குழறியது, பிறகு மூச்சு. தாலுகா ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றி, வாய் வழியே குழாய் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழி நெடுக ஆம்புலன்ஸ் தம்பி ஒருவர் அந்தப் பையை அழுத்திக்கொண்டே வந்தார். நாற்பது நிமிஷம். நான் எதிரே உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிறோமே, அது ஒரு தொந்தரவிலிருந்து பிறந்தது தெரியுமா? ஜப்பானின் நிஹோன் கோடன் கம்பெனியில் டகுவோ அவோயாகி என்ற பொறியாளர், காது மடலில் ஒளி பாய்ச்சி இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடி துடிக்கும்போதெல்லாம் அளவு குலுங்கி வேலையைக் கெடுத்தது. அந்தக் குலுக்கலை நீக்கப் போனவருக்குப் பொறி தட்டியது: குலுங்குவது தமனி ரத்தம் மட்டும்தானே! அப்படியானால் அந்தக் குலுக்கலே தமனியில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லிவிடுமே! 1974இல் அதை வெளியிட்டார். 2020 ஏப்ரலில், உலகமே கொரோனாவில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மாதத்தில், அவர் காலமானார். மறு ஆண்டு நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு அந்தக் கிளிப்பை விரலில் மாட்டி 94ஆ, 95ஆ என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வென்டிலேட்டர் எவ்வளவு காற்று தர வேண்டும் என்பதை நோயாளியின் எடையைப் பார்த்து முடிவு செய்வதில்லை, உயரத்தைப் பார்த்துத்தான் என்பது தெரியுமா? உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருக்காது! இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. நோயுற்ற நுரையீரலுக்கு நிறையக் காற்று தந்தால் நல்லது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் செய்து 2000இல் வெளிவந்த ஆய்வு அந்த நம்பிக்கையைக் கவிழ்த்துப்போட்டது. உயரத்துக்கு உரிய எடையில் கிலோவுக்கு 12 மில்லி காற்று வாங்கியவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் இறந்தார்கள். வெறும் 6 மில்லி வாங்கியவர்களில் 31. பாதிக் காற்று கொடுத்ததில் உயிர்கள் மிஞ்சின! ஊதிப் பெருக்கிய காற்றே நுரையீரலைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

குப்புறப் படுக்க வைப்பதும் இதே ரகம். மல்லாந்து கிடந்தால் இதயமும் வயிறும் முதுகுப்புற நுரையீரலை நசுக்குகின்றன. திருப்பிப் போட்டால் அந்தப் பகுதி விரிகிறது. மருந்தில்லை, மெஷினில்லை, நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு குழாயும் உருவாமல், ஜாக்கிரதையாகப் புரட்ட வேண்டும். பிரான்ஸ் தலைமையில் 466 பேரிடம் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், நுரையீரல் மிக மோசமானவர்களிடையே 28 நாள் இறப்பு 32.8 விழுக்காட்டிலிருந்து 16 ஆனது! பாதிக்குப் பாதி!

ஐசியுவின் பெரிய வெற்றிகளில் பல, கையை அடக்கிக்கொண்டதால் வந்தவை. இதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடுங்காய்ச்சலில் ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சலைனைச் சட்டென்று வேகமாக ஏற்றுவதுதான் உயிர் காக்கும் என்பது உலக வழக்கம். அப்படி ஏற்றிய குழந்தைகளில் இரண்டே நாளில் 10 விழுக்காட்டுக்கு மேல் இறந்தார்கள். மெதுவாக ஏற்றியவர்களில் 7.3! 2011இல் இந்த முடிவு வந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. (வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்கு நீர் கட்டாயம் வேண்டும். இதைத் தவறாகப் புரிந்துகொண்டுவிடாதீர்கள்.) அதேபோல, வென்டிலேட்டரில் இருப்பவரின் தூக்க மருந்தைத் தினமும் ஒரு முறை நிறுத்தி எழுப்பிப் பார்க்கலாமே என்று சிகாகோவில் செய்து பார்த்தார்கள். வென்டிலேட்டர் நாட்கள் 7.3இலிருந்து 4.9ஆகக் குறைந்தன!

பெரிய ரத்தக்குழாயில் குழாய் போடும்போது செய்ய வேண்டியது என்ன? கை கழுவு. தோலைக் கிருமிநாசினியால் துடை. முழுத் துணி போர்த்து. தொடையில் குழாய் போடுவதைத் தவிர். தேவை முடிந்ததும் எடுத்துவிடு. இந்த ஐந்து வரிதான்! பால்டிமோர் மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் இதை மிச்சிகன் மாநில ஐசியுக்களில் கொண்டுவந்தபோது, பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்வழித் தொற்று ஆயிரம் குழாய்-நாளுக்கு 2.7 என்ற இடைநிலை அளவிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது. ஐந்து வரியைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு படியை டாக்டர் விட்டுவிட்டால், நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரம் நர்சுக்குக் கொடுக்கப்பட்டது.

கடைசியாக ஒன்று. ஸ்காண்டிநேவிய நாடுகளின் ஐசியு நர்சுகள், நினைவில்லாமல் கிடக்கும் நோயாளிக்காக டைரி எழுதுகிறார்கள், தெரியுமா? இன்று தலை வாரிவிட்டோம், உங்கள் மகள் வந்து பேசினாள், வெளியே மழை. பிழைத்து எழுந்தவர்களுக்கு அந்த நாட்களின் ஞாபகம் வெறும் ஓட்டையாகவோ பயங்கரக் கனவாகவோதான் மிஞ்சும். டைரி அந்த ஓட்டையை நிரப்புகிறது. ஐரோப்பாவில் 352 பேரிடம் நடந்த ஆய்வில், டைரி கிடைத்தவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் கிடைக்காதவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் புதிதாக மன அதிர்ச்சி நோய் வந்தது.

சித்தப்பாவுக்கு டைரி எழுத யாருமில்லை. கட்டுவிரியன் விஷத்தில் கண் திறக்காது, கருமணி அசையாது, விரல் நகராது. பார்ப்பவருக்கு மூளை செத்ததுபோலவே தெரியும். ஆனால் உள்ளே ஆள் முழிப்பாக இருக்கக்கூடும்! அந்த வார்டு டாக்டர் அது தெரிந்தவர். காதோரம் பேசுங்கள் என்று எங்களிடம் சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது சாயங்காலம் பத்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் சிஸ்டர்கள்தான்.

ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். தொண்டை கட்டிய குரலில் சித்தப்பா என்னிடம் முதலில் கேட்டது தன் உடம்பைப் பற்றி அல்ல.

"பாப்பா, காலைல வந்து இன்னைக்கு செவ்வாய்க்கிழமைங்க ஐயா, இன்னைக்கு புதன்கிழமைங்க ஐயான்னு சொல்லுவாங்களே ஒரு சிஸ்டர், அவங்க வெள்ளிக்கிழமை வரல. ஏன்னு யாருமே சொல்லல. அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, கேட்டுட்டு வா."