வேதகலாபனையின் வேர்கள்

வேதகலாபனை என்றதும் நம் நினைவுக்கு வருவது உரோமாபுரிதான். கி.பி. 64இல் அந்நகரம் தீப்பற்றி எரிந்தபோது, நீரோ மன்னன் கிறிஸ்தவர்கள்மேல் பழியைச் சுமத்தி அவர்களை வதைத்தான் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் அத்தகைய கொடுமை நம் தமிழ் மண்ணிலும் நிகழ்ந்தது. மனிதன் தன் அயலானை மதத்தின் பெயரால் ஏன் வதைக்கிறான்? மதம் ஒன்றுதானா அதற்குக் காரணம்? புனித தேவசகாயத்தின் வரலாற்றைக் கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலம் என்னும் ஊரில் 1712 ஏப்ரல் 23 அன்று அவர் பிறந்தார். அவருடைய இயற்பெயர் நீலகண்டன். அன்று அப்பகுதி திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. உயர்குலத்தில் பிறந்த அவர் மார்த்தாண்ட வர்மா மன்னரின் அரசாங்கத்தில் அதிகாரியாகப் பணிபுரிந்தார். 1741இல் நடந்த குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றனர். சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளிப்பவரானார். கால்நடைகளையும் பொருளையும் இழந்து மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு, எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் வரலாற்றை டிலனாய் எடுத்துரைத்தார். 1745 மே 14 அன்று, திருவிதாங்கூருக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்தில், புத்தாரி சுவாமியாரிடம் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். இலாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமே தேவசகாயம். அவர் மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

1749இல் அவர் கைது செய்யப்பட்டார். கழுத்தில் எருக்கம்பூ மாலையிட்டு, எருமையின்மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி, ஊர் ஊராக அவரை இழுத்துச் சென்றனர். அடித்த புண்களில் மிளகாய்ப் பொடி தூவினர். மூன்றாண்டுகள் இவ்வாறு வதைபட்ட பின், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அவருக்கு மறையைச் சொல்லிக்கொடுத்த டிலனாயும் கிறிஸ்தவர்தானே? அவரை ஒருவரும் தண்டிக்கவில்லை. அவர் கடைசிவரை பெருமதிப்புடன் வாழ்ந்து 1777இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இன்றும் உள்ளது. கடற்கரை ஊர்களில் பிரான்சிஸ் சவேரியார் காலம் முதலே ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் வாழ்ந்துவந்தனர். அப்படியானால் தேவசகாயத்தை மட்டும் ஏன் கொல்ல வேண்டும்?

முதற்காரணம் சாதி. தேவசகாயம் தாழ்த்தப்பட்டோருடன் சமமாய்ப் பழகினார், அவர்களுடன் உண்டார். அந்நியர் ஒருவர் அப்படி வாழ்ந்தால் பொறுத்துக்கொள்வார்கள். உயர்குலத்தவர் ஒருவரே கோட்டைத் தாண்டினால், கோடே பொய்யென்று ஆகிவிடும். இரண்டாம் காரணம் அதிகாரத்தின் அச்சம். சிற்றரசுகளை வென்று புதிதாய் எழுந்த அரசு அது. 1750இல் மன்னர் தம் நாட்டையே பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக்கி, அவர் தாசனாக ஆண்டார். அத்தகைய நாட்டில் ஓர் அரசு அதிகாரி வேறு மறையைத் தழுவியது, அரசுக்கே செய்த துரோகமாகக் கருதப்பட்டது.

இவை பழங்கதை என்று எண்ண வேண்டாம். ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில் 2008 ஆகஸ்ட் 23 அன்று சுவாமி இலட்சுமணானந்த சரசுவதியும் வேறு நால்வரும் கொல்லப்பட்டனர். மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்றும், பழி கிறிஸ்தவர்கள்மேல் விழுந்தது. வீடுகளும் ஆலயங்களும் எரிந்தன. 50,000க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு ஓடினர். அங்கே கந்தர் என்னும் பழங்குடியினருக்கும் பாணர் என்னும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் நிலத்தைப் பற்றியும் இடஒதுக்கீட்டைப் பற்றியும் நெடுநாளாகப் பகை இருந்தது. பாணர் பலர் கிறிஸ்தவர்கள். காய்ந்து கிடந்த அந்தப் பகையின்மேல் மதம் என்னும் தீக்குச்சி கிழிக்கப்பட்டது. அந்த நாட்களிலும் கிறிஸ்தவர்களைத் தங்கள் வீடுகளில் ஒளித்துவைத்துக் காத்த இந்துக்கள் இருந்தனர். மதமே வேர் என்றால் அந்தக் கதவுகள் திறந்திருக்குமா?

அன்புத் தோழியரே, பிறரைக் குறை கூறுவதோடு இதை முடித்துவிட முடியாது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872இல் எழுந்த ஆலயம் இரு பிரிவாகக் கட்டப்பட்டது. ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம், நடுவே சுவர். ஒரே பீடம், ஒரே நற்கருணை. ஆனால் அருகருகே முழந்தாளிட மனமில்லை! 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களும் கிறிஸ்தவர்களே. வேதசாட்சியைக் கொன்ற நஞ்சு, அவரை வணங்கிய நம்மிடையேயும் இருந்தது.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதரான முதல்வர் அவரே. அதற்குமுன் பலரின் வேண்டுகோளை ஏற்று, அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. அவர் வாழ்ந்து காட்டியதை அவருடைய பெயர் எட்டிப்பிடிக்க 270 ஆண்டுகள் ஆயின!

நம் திருப்பூரில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று பல கைகள் கடந்துதான் ஒரு பனியன் உருவாகிறது. தென்மாவட்டத்தார் கையும் உண்டு, ஒடிசாவிலிருந்து வந்தவர் கையும் உண்டு. எந்தக் கை எந்தச் சாதி, எந்த மதம் என்று அணிபவர் கேட்பதில்லை. ஆனால் அதே மனிதர் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் ஊரையும் சாதியையும் விசாரிக்கிறோம். வேதகலாபனையின் வேர் அங்கேதான் முளைவிடுகிறது. முளையாக இருக்கும்போதே கிள்ளிவிடுவது நம் கையில் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி