யாருக்கு அச்சம்? யாருக்காக அச்சம்?

ஒரு மாலைப்பொழுதில், திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் ஆங்கிலக் கடிதம் ஒன்றுடன் நம் பங்கு இல்லத்திற்கு வந்தார். மானாவாரி நிலத்தில் பருத்தியும் மிளகாயும் பயிரிட்டு, மழை பொய்த்த ஆண்டுகளில் கடன்பட்டு, மகனைப் பட்டதாரியாக்கியவர் அவர். மகன் வேலைக்கு விண்ணப்பித்திருந்த ஒரு நிறுவனம் அனுப்பிய கடிதம் அது. மகனோ அதைப் படித்துவிட்டு, எதுவும் கூறாமல் மடித்து வைத்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பள்ளிச் சிறுமி அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் பொருள் கூறியிருந்தாள். அவள் கணக்குப்படி, ‘நாங்கள் பயப்படுகிறோம்’ என்று நிறுவனத்தார் எழுதியிருந்தனர்.

“அவுக எதுக்குச் சாமி நமக்குப் பயப்படணும்?” என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

நமக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். ‘அஃப்ரெய்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பயந்திருத்தல் என்பதே பொருள். ஆயினும், பிறருக்கு உவப்பில்லாத செய்தியைக் கூறும்போது, ‘வருந்துகிறோம்’ என்னும் பொருளிலும் ஆங்கிலேயர் அதனை ஆள்வர். அங்கே அச்சமும் இல்லை, பல வேளைகளில் வருத்தமும் இல்லை. அது வெறும் மரியாதை. வேலை இல்லை என்பதே கடிதத்தின் சாரம். அதனை இயன்றவரை மென்மையாக எடுத்துரைத்தோம்.

கேட்டு முடித்தவர், “யோசனையாத்தான் இருக்கு சாமி” என்றார். “நன்றாக யோசித்துச் செய்யுங்கள்” என்று அனுப்பிவைத்தோம்.

அன்றிரவு அச்சொல் நம்மை உறங்கவிடவில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு உரை கூறிய நாம், நம் மக்களின் சொல்லைக் கோட்டைவிட்டோமோ என்று ஐயுற்றோம். இவ்வறண்ட பூமியில் குழந்தை ‘பயந்து’போகும், மாடு ‘மிரளும்’, இருட்டில் நடப்பவன் ‘அரண்டு’போவான், கெட்ட செய்தி கேட்ட பெண்ணுக்கு ‘ஈரக்குலை நடுங்கும்’. ஆனால் குடும்பத்தைத் தாங்கும் ஆண்மகன் தனக்குப் பயம் என்று எளிதில் வாய்திறந்து சொல்லமாட்டான். ‘யோசனையாக இருக்கிறது’ என்பான்.

அச்சத்திற்கு நான்கு காரணங்களை வகுக்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு இறையாக விளங்குவோர் என்பன அவை. நான்கும் வெளியிலிருந்து நம்மை அச்சுறுத்துபவை. திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு பிறந்த இரமணரை, 1896இல் மதுரையில் இருந்தபோது மரணபயம் திடீரெனப் பற்றியது என்பதை இப்பகுதியினர் அறிவர். அது தன் உயிரைக் குறித்து எழுந்த அச்சம். இவற்றின் வேறாக, பிறர் பொருட்டு எழும் அச்சம் ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ என்றால் ஒருவரைக் கண்டு அஞ்சுதல். ‘அஃப்ரெய்ட் ஃபார்’ என்றால் அவருக்கு என்ன நேருமோ என்று அஞ்சுதல். இடையில் நிற்பது ஒரு சிறு சொல்லே. ஆயினும் முன்னது நம்மை விலகி ஓடச் செய்யும், பின்னது அருகே ஓடிவரச் செய்யும்.

மறுநாள் திருப்பலி முடிந்ததும் அவ்வூருக்குச் சென்றோம். பெரியவரின் துணைவியார் வாசலிலேயே நம்மை நிறுத்தி, தாழ்ந்த குரலில், “மூணு நாளா அவுக தூங்கல சாமி. பய வெளிய போனா, பின்னாலயே போறாக. கம்மாக்கரையில அவன் உக்கார்ந்தா, தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருக்காக” என்றார்.

‘யோசனை’ என்னும் சொல்லின் பொருள் நமக்கு அப்போதுதான் விளங்கியது.

தந்தையையும் மகனையும் திண்ணையில் அமரச் செய்தோம். கடிதத்தை ஏன் மறைத்தாய் என்று மகனைக் கேட்டோம். “அப்பாவுக்குப் பயந்துதான் சாமி” என்றான். “அப்பாவுக்குத்தானப்பா பயம்” என்றார் தந்தை. அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. மகன் அவரை நிமிர்ந்து நோக்கினான். தந்தையின் மௌனத்தைச் சினமென்று எண்ணியிருந்தவன், அது தன்பொருட்டு எழுந்த நடுக்கம் என்று அப்போதுதான் அறிந்தான். இருவரும் அழுதனர். நாம் பேச வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

பிறர் பொருட்டு எழும் இவ்வச்சமும் அடங்கிய ஒரு சொல்லை நம் முன்னோர் வழிபாட்டிலேயே வைத்துள்ளனர்: வியாகுலம். தேவதாயின் ஏழு வியாகுலங்களுள் இரண்டாவது, குழந்தையைக் காக்க எகிப்துக்கு ஓடியது. மூன்றாவது, காணாமற்போன பன்னிரண்டு வயது மகனைத் தேடியது. இரண்டிலும் சூசையப்பர் உடனிருந்தார். ஆனால் அவர் பேசியதாக நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் இல்லை. கோவிலில் மகனைக் கண்டபோது, தன் துயரத்தோடு அவர் துயரத்தையும் சேர்த்துச் சொன்னவர் அன்னை மரியாவே. அன்று அவ்வூர் வாசலில் நாம் கேட்டதும் அத்தகைய குரலே.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் அச்சத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொல்லாத அச்சம் அவர்கள் கண்ணுக்குக் கோபமாகத் தோன்றும். பிள்ளைகளே, தந்தை ‘யோசனையாக’ இருக்கிறார் எனில், அது யாரைக் குறித்த யோசனை என்று அருகே சென்று கேளுங்கள். பங்குக் குருக்களாகிய நாமும், மக்கள் சொல்லும் சொல்லுக்கு அகராதியை மட்டும் நம்பாமல், அவர்கள் வீட்டுத் திண்ணை வரை நடந்துசென்று பொருள் அறிவோமாக.