கழற்றத் தோன்றாத கவசம்

துப்பாக்கி சுடுவோருக்கான காதுக் கவசம் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஓர் எண்ணை. 22, 26, 30 என்று இருக்கும் அது, அந்தக் கவசம் எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்பதற்கான மதிப்பீடு. எண் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் வேட்டுச் சத்தத்தில் காது எப்படிக் கெடுகிறது என்று பார்த்தால், தலையில் மாட்டிய பிறகு கழற்றத் தோன்றாத கவசமே நல்ல கவசம் என்பது விளங்கும். எண்ணுக்கு இரண்டாம் இடம்தான். உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று, காதைச் சுற்றி அமரும் மெத்தை, தலைப்பட்டையின் இறுக்கம், எத்தனை வருஷம் உழைக்கும் என்ற கேள்வி, எல்லாவற்றையும் இதை வைத்தே எடைபோட வேண்டும்.

சத்தத்தின் அளவு என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவில் பட்டாசுக்கு விதித்துள்ள வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 145 டெசிபல் உச்சம். கைத்துப்பாக்கி சுடுபவரின் காதருகே எழும் உச்சம் 160 டெசிபலை ஒட்டி இருக்கும். டெசிபல் மடக்கைக் கணக்கு என்பதால், இந்த 15 டெசிபல் வித்தியாசம் ஒலியாற்றலில் சுமார் 30 மடங்கு. அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ், வெறும் காதுக்கு 140 டெசிபல் உச்சத்தைத் தாண்டக் கூடாத எல்லையாக வைத்திருக்கிறது. 'சின்னத் துப்பாக்கிதானே' என்று சொல்லப்படும் நீளக்குழல் .22 ரைபிளே அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. பெரிய ரைபிள்களும் ஷாட்கன்களும் அதைத் தாண்டி 150, 160 என்று போகும். உரத்த சத்தம் கேட்டதும் நடுக்காதின் தசை இறுகி ஓரளவு தடுக்கும் ஏற்பாடு உடம்பிலேயே உண்டு. ஆனால் தசை இறுகுவதற்குள் வேட்டு முடிந்துவிடும். அது சில மில்லிவினாடி விவகாரம். உட்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, அதாவது பேச்சில் மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் பகுதி. அதனால்தான் பாதிக்கப்பட்டவர் 'சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்றுதான் புரியவில்லை' என்கிறார். வலக்கைப் பழக்கமுள்ள ரைபிள்காரருக்கு இடக்காது குழல்வாய்ப் பக்கம் இருப்பதால் பெரும்பாலும் அதுவே அதிகம் கெடுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நன்றாகப் பொருந்திய கவசம் 25 டெசிபல் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலியாற்றலை மட்டும் எடுத்துக்கொண்டால், கவசம் இல்லாமல் கேட்ட ஒரே ஒரு வேட்டு, கவசத்தோடு கேட்ட சுமார் 300 வேட்டுக்குச் சமம். 30 டெசிபல் கவசமானால் ஆயிரத்துக்குச் சமம். பக்கத்தில் சுடுபவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகக் கவசத்தைத் தூக்கிய நேரத்தில் எங்கோ ஒரு வேட்டு வெடித்தால், அன்றைக்கு முழுவதும் அணிந்திருந்ததன் பலன் பெருமளவு போய்விடும். 22-க்கும் 26-க்கும் இடையிலான வேறுபாட்டை ஆராய்ந்துகொண்டிருப்பவர் இந்தப் பெரிய ஓட்டையை விட்டுவிடுகிறார்.

மக்கள் ஏன் கழற்றுகிறார்கள், அல்லது ஏன் மாட்டுவதே இல்லை? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள பீவர் டாம் ஊரில், 48 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்த செவித்திறன் ஆய்வு இதற்கு நல்ல தடயம் தருகிறது. 2000-இல் வெளியான அதன் முடிவுப்படி, முந்தைய ஓராண்டில் இலக்கு சுட்ட ஆண்களில் 38 சதவீதம் பேர் சுடும்போது ஒருமுறைகூடக் காதுக்குப் பாதுகாப்பு அணியவில்லை. வேட்டைக்குப் போனவர்களில் அந்த விகிதம் 95 சதவீதம். வேட்டையாடிய ஒவ்வோர் 5 ஆண்டுக்கும், மேல்சுருதிகளில் கடுமையான செவித்திறன் குறைவு ஏற்படும் அபாயம் 7 சதவீதம் கூடியதாகவும் அதே ஆய்வு சொன்னது. ஒரே ஊர், ஒரே விதமான மனிதர்கள். இந்த வேறுபாட்டை அறியாமை என்ற ஒரு காரணத்தில் அடைத்துவிட முடியாது. வேட்டைக்காரருக்குக் காதும் ஒரு கருவி. சருகு நொறுங்குவதும், கூட வந்தவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதும் காது வழியாகத்தான் தெரிய வேண்டும். அதை அடைத்துக்கொள்ளச் சொன்னால் அவர் கேட்கமாட்டார். சுடுதளத்திலும் 'சுடுவதை நிறுத்து' என்ற கட்டளை கேட்டே ஆகவேண்டும்.

மின்னணுக் கவசத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மைக், உள்ளே சின்ன ஸ்பீக்கர், நடுவில் பெருக்கும் சுற்று. பேச்சு, காலடி போன்ற மெல்லிய ஒலிகளைப் பெருக்கித் தரும். பெரிய சத்தம் வந்தால் ஸ்பீக்கரின் அளவை 82, 85 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளும். இதில் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு. மின்னணுச் சுற்றுதான் வேட்டைத் தடுக்கிறது என்று நினைத்து, எத்தனை மில்லிவினாடியில் அது செயல்படுகிறது என்பதைப் பெரிய சங்கதியாக விளம்பரங்கள் பேசுகின்றன. உண்மையில் வேட்டைத் தடுப்பது பிளாஸ்டிக் கிண்ணமும் அதன் மெத்தையும்தான். மைக் வழியாக உள்ளே வருவதற்குத்தான் சுற்று கடிவாளம் போடுகிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எப்படியும் 160 டெசிபல் எழுப்ப முடியாது. பேட்டரி தீர்ந்தாலும் பாதுகாப்பு குறைவதில்லை, கேட்கும் வசதிதான் போகிறது. ஆகவே மில்லிவினாடிக் கணக்கைவிட, வேட்டுக்குப் பிறகும் பேச்சு தொடர்ந்து கேட்கிறதா என்பதைப் பாருங்கள். மலிவான சில கவசங்கள் ஒவ்வொரு வேட்டுக்கும் ஒலியை முழுதாக வெட்டிவிட்டு மெதுவாகத் திரும்பவரும். பலர் சுடும் தளத்தில் பாதி வாக்கியம் விழுங்கப்பட்டுவிடும், அணிந்தவர் எரிச்சலில் கவசத்தைத் தூக்குவார். ஒலியை வெட்டாமல் அமுக்கிக் கொடுப்பவை மேல். இரு பக்கமும் தனித்தனி மைக் இருப்பதும் அவசியம். ஒற்றை மைக்கில் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. இரண்டு இருந்தாலும், காதுமடல் மூடப்பட்டுவிடுவதால் முன்பக்கச் சத்தமா பின்பக்கச் சத்தமா என்ற குழப்பம் சற்று மிஞ்சும்.

இனி அந்த எண். என்ஆர்ஆர் எனப்படும் இந்த மதிப்பீட்டை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1979-இல் கட்டாயமாக்கியது. அமைதியான ஆய்வறையில் 10 பேரைத் தலா 3 முறை சோதித்து, மெல்லிய ஒலிகளை வைத்துக் கணக்கிடுவது அதன் முறை. அங்கே துப்பாக்கியும் இல்லை, வியர்வையும் இல்லை. கவசத்தைச் சரியாக மாட்டிவிட நிபுணர் பக்கத்திலேயே இருப்பார். இதனால்தான் நியாஷ், கவசங்களின் எண்ணில் கால்பங்கைக் கழித்துக்கொள்ளச் சொன்னது. திருகிச் செருகும் ஃபோம் அடைப்பான்களுக்குப் பாதியைக் கழிக்கச் சொன்னது. ஐரோப்பியப் பெட்டிகளில் இருக்கும் எஸ்என்ஆர் வேறு கணக்கு. ஒரே கவசத்துக்கு அது பொதுவாகப் பெரிய எண்ணாக வரும், இரண்டையும் ஒப்பிட்டு ஏமாறக் கூடாது. எண்ணுக்கும் காதுக்கும் உள்ள தூரம் எவ்வளவு பெரிய வழக்காக முடியும் என்பதற்கு, அமெரிக்கப் படையினருக்குத் தரப்பட்ட காம்பாட் ஆர்ம்ஸ் காதடைப்பான் சாட்சி. அது மின்னணுக் கருவி அல்ல. நீளம் போதாமல் காதுக்குள் சரியாகப் பொருந்தாது, அணிந்தவர் அறியாமலே தளர்ந்துவிடும் என்பது குற்றச்சாட்டு. அதை விற்ற 3எம் நிறுவனம் 2018-இல் அமெரிக்க அரசுக்கு 91 லட்சம் டாலர் கொடுத்தது. முன்னாள் படையினரின் வழக்குகளை முடிக்க 2023-இல் சுமார் 600 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. இரண்டு முறையும் தவறை ஏற்கவில்லை.

கவசத்திலும் இதே பொருத்தம்தான் பிரச்சினை. மூக்குக்கண்ணாடியின் தண்டு மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே சின்ன இடைவெளி விட்டாலே பல டெசிபல் கசியும். சுடுபவர் கண்ணுக்கும் கண்ணாடி போட்டாக வேண்டும் என்பதால் இது எல்லாருக்குமான பிரச்சினை. கன்னத்தை ரைபிளின் பின்கட்டையில் பதிக்கும்போது பருத்த கிண்ணம் கட்டையில் இடித்து விலகும். இதனால், 30 என்று போட்ட தடித்த கவசத்தைவிட 22 என்று போட்ட ஒல்லியான கவசம் ரைபிள்காரரின் காதை நன்றாகக் காக்கக்கூடும். ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட்டின் எண் 22தான். அமெரிக்கச் சுடுதளங்களில் எங்கும் பார்க்கக்கூடிய கவசம் அது.

அப்படியானால் எண்ணே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். மூடிய தளத்தில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அடிக்கும். உதைப்பைக் குறைக்கக் குழல்வாயில் பிரேக் பொருத்திய ரைபிள் பக்கத்தில் நிற்பவரைத்தான் அதிகம் தாக்கும். அங்கெல்லாம் 22 போதாது, 30-உம் போதாது. ஃபோம் அடைப்பானைக் காதில் செருகி அதன் மேல் கவசத்தை மாட்ட வேண்டும். இரண்டின் எண்களும் கூடிவிடாது. பெரிய எண்ணோடு சுமார் 5 டெசிபல் சேரும், அவ்வளவுதான். மண்டையோட்டின் வழியாகவும் ஒலி உள்ளே போவதால் எந்தப் பாதுகாப்புக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. இங்கேயும் மின்னணுச் சுற்று கைகொடுக்கிறது. உள்ளே அடைப்பான் இருந்தாலும் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டால் கட்டளை கேட்கும். இரட்டைப் பாதுகாப்பை மணிக்கணக்கில் பொறுத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

சில ரூபாய் ஃபோம் அடைப்பானே போதுமே என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. சரியாகத் திருகி ஆழச் செருகினால் அது பல மின்னணுக் கவசங்களைவிட அதிகம் தடுக்கும். தனியாக, யாரோடும் பேசத் தேவையில்லாமல் சுடுபவருக்கு வேறொன்றும் வேண்டாம். போட்டியாளர்களுக்கோ தேர்வே இல்லை: சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகள், ஒலி வாங்கும் கருவி உள்ள கவசத்தைப் போட்டியாளர் அணிய விடுவதில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்ட தமிழகத்தின் பிருத்விராஜ் தொண்டைமான் போன்றவர்கள் களத்தில் சாதாரணக் கவசத்தையோ அடைப்பானையோதான் நம்ப வேண்டும். மின்னணுக் கவசம் பயிற்சியாளருக்கும், கற்றுக்கொள்பவருக்கும், வேட்டைக்காரருக்குமான பொருள்.

சொகுசைப் பற்றிப் பேசினால் ஆடம்பரம் போலத் தோன்றும். ஆனால் அரை மணியில் காது வலித்தால் கை தானாகக் கவசத்துக்குப் போகும். பட்டை மிக இறுகினால் தலைவலி, தளர்ந்தால் கசிவு. கிண்ணத்தின் உள்ளே ஆழம் போதாமல் காதுமடல் அமுங்கினால் எந்த மெத்தையும் உதவாது. சொந்தக் கண்ணாடியோடு அரை மணி நேரம் மாட்டிப் பார்த்து, தாடையை அசைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்க்கும் பாவனையில் தலையைச் சாய்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஜெல் மெத்தை கனம், விலையும் கூடுதல், ஆனால் கண்ணாடித் தண்டைச் சுற்றி நன்றாகப் படியும். நம் ஊர் வெயிலில் எந்த மெத்தைக்கும் அடியில் ஒரு பருத்தி உறை இருந்தால் நலம் என்று தோன்றும். துணி ஒலியைக் கசியவிடும் என்பதால் கவசத்துக்கென்றே செய்து, உறையோடு சோதித்த உறையாக அது இருக்க வேண்டும்.

உழைப்பு என்றதும் பலர் மின்னணுச் சுற்றைத்தான் சந்தேகப்படுகிறார்கள். முதலில் கெடுவது பெரும்பாலும் மெத்தை. வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் அதன் மேல்தோலைக் கெட்டியாக்கி வெடிக்கவைக்கும், அங்கே கசிவு தொடங்கும். மாற்று மெத்தை தனியாக விற்கும் கவசத்தை வாங்கி, அடிக்கடி பயன்படுத்துவோர் ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அடுத்தது பேட்டரி அறை. ஆல்கலைன் பேட்டரி கசிந்து தகடுகளை அரித்துவிடும். நாள் கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பவர் அதை எடுத்து வைத்துவிடுவதே நல்லது. பட்டைக்கு வெளியே தொங்கும் கம்பி, காற்றுத் தடுப்பு நுரை இல்லாத மைக், வியர்வை இறங்கும் ஒலித் திருகு ஆகியவற்றையும் கடையிலேயே பார்த்துவிடலாம். சில கவசங்கள் சில மணி நேரம் கழித்துத் தாமாக அணைந்துவிடும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணிச் சுடுகோட்டிலேயே கவசத்தைக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. கழற்றாமலே தடவி அழுத்தும்படி பெரிய பொத்தான் வைத்த கவசமானால் அந்த வேலை மிச்சம்.