சிறு குடும்ப வீட்டின் அறைத் திட்டமிடல்

சிறு குடும்ப வீட்டின் அறைத் திட்டமிடல் என்பது குறைந்த பரப்பளவு கொண்ட வீட்டில் அறைகளின் அளவு, அமைவிடம், அவற்றுக்கிடையேயான தொடர்பு ஆகியவற்றை முன்கூட்டியே தீர்மானிக்கும் பணியாகும். சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டக் காக்களூர் போன்ற இடங்களில், மாதச் சம்பளத்தையும் வங்கிக் கடனையும் நம்பி வீடு கட்டுவோருக்கு இது முக்கியமானது. வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்துவது எளிது. கட்டிய சுவரை நகர்த்துவது எளிதன்று.

குறைந்தபட்ச அளவுகள்

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970 இல் முதலில் வெளியிடப்பட்டு, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அது பரிந்துரைக்கும் சில குறைந்தபட்ச அளவுகள்:

* முதல் அறை: 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டர்
* இரண்டாம் அறை: 7.5 சதுர மீட்டர், அகலம் 2.1 மீட்டர்
* உணவருந்தும் இடத்துடன் கூடிய சமையலறை: 7.5 சதுர மீட்டர், அகலம் 2.1 மீட்டர்
* கழிப்பறையுடன் இணைந்த குளியலறை: 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர்
* அறை உயரம்: 2.75 மீட்டர்

மனையைச் சுற்றி விடவேண்டிய இடைவெளி, கட்டட உயரம் போன்றவற்றுக்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 பொருந்தும்.

இவை குறைந்தபட்ச அளவுகளே. அரசுத் திட்டங்களில் இதனினும் சிறிய வீடுகளும் உண்டு. 2011 இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் பசுமை வீடுகள் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 300 சதுர அடியாக இருந்தது.

சுவர் எடுத்துக்கொள்ளும் இடம்

கட்டடப் பரப்பு முழுவதும் புழங்கும் இடமாகக் கிடைப்பதில்லை. எடுத்துக்காட்டாக, வெளிப்புற அளவு 20 அடிக்கு 32 அடி கொண்ட வீட்டின் பரப்பு 640 சதுர அடி. வெளிச்சுவர் 9 அங்குலம் எனில் உள்ளளவு 18½ அடிக்கு 30½ அடியாகக் குறையும். அதாவது ஏறத்தாழ 564 சதுர அடி. 4½ அங்குல உட்சுவர்களையும் கழித்தால், கீழ்வருமாறு 543 சதுர அடியே எஞ்சும்.

* கூடம்: 190 சதுர அடி
* பெரிய படுக்கையறை: 111 சதுர அடி
* சிறிய படுக்கையறை: 85 சதுர அடி
* சமையலறையும் உணவருந்தும் இடமும்: 120 சதுர அடி
* குளியலறை: 37 சதுர அடி

எனவே சுவர்கள் மட்டும் சுமார் 97 சதுர அடியை, அதாவது மொத்தப் பரப்பில் 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. தேவையற்ற ஒரு குறுக்குச் சுவரைத் தவிர்ப்பது செலவையும் இடத்தையும் ஒருசேர மிச்சப்படுத்தும். பூச்சு வேலைக்குப் பின் அறை இன்னும் சற்றுக் குறுகும் என்பதால், குறைந்தபட்ச அளவுக்குச் சரியாக வரைதல் கூடாது.

அறைகளின் அமைவு

மேற்கண்ட வீட்டில் இடப்புறம் முன்னே 10 அடி அகலக் கூடமும் பின்னே பெரிய படுக்கையறையும் அமையும். வலப்புறம் சிறிய படுக்கையறை, குளியலறை, சமையலறை என்ற வரிசை அமையும். எல்லா அறைகளுக்கும் கூடத்திலிருந்தே வழி கிடைப்பதால் தனி நடைபாதை தேவைப்படாது. குளியலறையும் சமையலறையும் ஒரு சுவரைப் பகிர்வதால் குழாய்களின் நீளம் குறையும். சமையலறையின் பின்கதவு பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் பின்புறத்துக்கு வழிவிடும். கூடத்திலிருந்தே குளியலறைக்குச் செல்ல முடிவதால், இரவில் எழும் முதியோர் பிறர் உறங்கும் அறையைக் கடக்க வேண்டியதில்லை.

பொருட்களும் காற்றோட்டமும்

அறையின் அளவை அதிலிடும் பொருட்களைக் கொண்டு சோதிக்கலாம். 10 அடி அகல அறையின் நடுவே 5 அடி அகலக் கட்டிலை இட்டால் இருபுறமும் 2½ அடி வழி கிடைக்கும். கதவு திறக்கும் வட்டத்தையும் பீரோவின் கதவையும் வரைபடத்திலேயே குறித்தல் வேண்டும்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் சாளரம் முதலிய திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என விதித்தொகுப்பு கூறுகிறது. பெரிய படுக்கையறைக்கு இது சுமார் 18½ சதுர அடி. 3 அடிக்கு 4 அடி அளவுள்ள இரு சாளரங்கள் 24 சதுர அடி தரும். அவற்றை அடுத்தடுத்த வெளிச்சுவர்களில் வைத்தால் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும்.

எதிர்கால விரிவாக்கம்

பிள்ளைகள் வளர்ந்த பின்னரோ, வாடகை வருமானத்துக்காகவோ மாடி எழுப்புதல் வழக்கம். இதற்குரிய அடித்தளத்தைத் தொடக்கத்திலேயே பொறியாளரின் கணக்கீட்டின்படி அமைக்க வேண்டும். படிக்கட்டை வீட்டுக்கு வெளியே அமைத்தால் கூடத்தின் இடம் குறையாது. மாடியில் குடியிருப்போரும் கீழ்வீட்டினுள் நுழையாமல் செல்லலாம். ஆனால் விதிகளின்படி விடவேண்டிய இடைவெளியைப் படிக்கட்டு ஆக்கிரமிக்காதவாறு மனையின் அகலத்தை முன்னரே கணக்கிடுதல் அவசியம்.